வாத்து வந்தது வவுச்சரோடு!

1992 ஜனவரி. ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போன கப்பல் நடு பசிபிக்கில் புயலில் ஆட, கன்டெய்னர்கள் கடலுக்குள் விழுந்தன. ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள் - மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர்! அடியில் ஓட்டை கிடையாது. மூழ்குவேனா என்று மிதந்தன. பத்து மாதத்தில் அலாஸ்காவின் சிட்கா கரையில் ஆஜர்!

எப்ஸ்மேயர், இங்ரஹாம் என்ற விஞ்ஞானிகளுக்கு லாட்டரி அடித்த மாதிரி. விழுந்த இடம், தேதி. ஒதுங்கிய இடம், தேதி... வரவும் செலவும் வவுச்சரோடு கையில்! ‘ஆஸ்கர்ஸ்’ என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமில் காற்று, நீரோட்டத்தைப் போட்டு ஓட்டி, ‘வாஷிங்டன் மாநிலக் கரைக்கு 1996-ல் வரும்’ என்றார்கள். வந்தது சார்!

நாம வீசுற கேரி பேக்குக்கு ஏது வவுச்சர்? கம்ப்யூட்டரைப் பின்னோக்கி ஓட்டித்தான் ஊரைத் தேடணும். அதிலும் வில்லங்கம்: தலை தூக்கி மிதக்கிற பாட்டிலைக் காற்று தள்ளும், முங்கின பையை நீரோட்டம் இழுக்கும். ஒரே கையால் வீசினாலும் ரெண்டும் ஒரே கரைக்குப் போகாது.