களரி வளர்த்த ஆசான்கள்

பெங்களூரின் குடியிருப்புப் பகுதிகளில் மாலை வேளையில் கராத்தே, டேக்வாண்டோ, ஐகிடோ, களரிப்பயிற்று எனத் தற்காப்புக் கலைகள் பல கற்பிக்கப்படுகின்றன. ஒரே கலையின் பெயரைத் தாங்கிய இரு பயிற்சிக்கூடங்களுக்குச் சென்று பார்த்தால், கற்பிக்கும் முறை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரிடத்தில் உடற்பயிற்சியில் தொடங்குவர். மற்றோரிடத்தில் முதல் நாளே கைகலப்புக்குரிய அடிகளைக் கற்பிப்பர். இவற்றுள் எது சரியானது என்ற ஐயம் மாணவர்க்கு எழுவது இயல்பு. ஆசானின் பட்டறிவும் அவர் வாழ்ந்த ஊரின் தேவையும் கலையில் கலக்கும்போது புதிய முறைகள் தோன்றுகின்றன. முறைகள் எவ்வாறு பிரிகின்றன, எவ்வாறு நிலைக்கின்றன, எப்போது மறைகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஓர் ஆசிரியர், பல மாணவர்

முறைகள் பிரிவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஜப்பானின் ஐகிடோ. இக்கலையைத் தோற்றுவித்தவர் மொரிஹெய் உவேஷிபா (1883–1969). அவர் தகேடா சோகாகு என்னும் ஆசிரியரிடம் பழைய போர்க்கலை ஒன்றைப் பயின்று, அதிலிருந்து தமக்கென ஒரு வழியை அமைத்தார். 'ஐ' என்பது இசைவையும், 'கி' என்பது உயிராற்றலையும், 'டோ' என்பது வழியையும் குறிக்கும். எதிரியின் வேகத்தைத் தடுக்காமல் அதனோடு இசைந்து சென்று அவரை நிலைகுலையச் செய்வதே இக்கலையின் அடிப்படை.

உவேஷிபாவின் மாணவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் ஒவ்வொன்றைக் கண்டனர். கோசோ ஷியோடா, அடிப்படை நிலைகளைத் திருத்தமாகக் கற்பிக்கும் யோஷின்கான் முறையை 1955-இல் நிறுவினார். டோக்கியோ காவலர்க்கும் அம்முறை கற்பிக்கப்படுகிறது. கென்ஜி டோமிகி, ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவிடமும் பயின்றவர். போட்டியின்றித் திறமையை அளவிட இயலாது என்று கருதிய அவர், ஐகிடோவில் போட்டியைப் புகுத்தினார். உவேஷிபாவோ போட்டியை ஏற்காதவர். கொய்ச்சி தோஹெய் மனத்தையும் உடலையும் ஒருமைப்படுத்தும் பயிற்சியை முதன்மைப்படுத்தி, 1971-இல் தனிச் சங்கம் கண்டார். உவேஷிபாவின் மகன் கிஷோமாரு, தந்தை விட்டுச்சென்ற ஐகிகாய் அமைப்பை வழிநடத்தினார்.

மாணவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. எனினும், யார் யாரிடம் பயின்றார், எந்த ஆண்டில் பிரிந்தார் என்பது எழுத்தில் உள்ளது. ஆதலால் எந்த முறையைப் பயில்பவரும் தம் கலையின் வேரை அறிந்துகொள்ள முடிகிறது.

வடக்கும் தெற்கும்

நம் மண்ணின் களரிக்கு இத்தகைய தெளிவான வரலாறு இல்லை. 'களரி' என்னும் சொல்லுக்குப் போர்க்களம், பயிலும் இடம் எனத் தமிழில் பொருள் உண்டு. களரியை வடக்கன் முறை, தெக்கன் முறை என இரண்டாகப் பகுப்பர். வடக்கன் முறையைப் பரசுராமர் தந்தார் என்றும், தெக்கன் முறையை அகத்தியர் தந்தார் என்றும் மரபுவழியாகக் கூறுவர். உண்மையில் இவற்றை உருவாக்கிய எண்ணற்ற ஆசான்களின் பெயர்களை நாம் அறியோம்.

வடக்கன் முறை கண்ணூர், கோழிக்கோடு, வடகரை ஆகிய மலபார்ப் பகுதிகளில் வளர்ந்தது. இங்கு ஆசிரியரைக் குருக்கள் என்பர். நிலத்தைத் தோண்டி, 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட குழியாகக் களரியை அமைப்பர். வாயில் கிழக்கு நோக்கியிருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை இருக்கும். மாணவர் முதலில் உடலை வளைத்துப் பழகும் மெய்த்தாரியைக் கற்பர். அடுத்து, கோல்களைக் கையாளும் கோல்தாரி. அதன்பின் வாள், ஈட்டி, சுருள்வாள் முதலிய படைக்கலங்களுக்குரிய அங்கத்தாரி. இறுதியாகவே வெறுங்கைப் போர். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் ஆகியவற்றின் நிலைகளை ஒத்த எட்டு வடிவுகளும் இம்முறையின் சிறப்பு. வடக்கன் முறைக்குள்ளும் அரப்புக்கை, பிள்ளதாங்கி, வட்டேன்திரிப்பு என உட்பிரிவுகள் உண்டு.

தெக்கன் முறை திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, கன்னியாகுமரிப் பகுதிகளுக்குரியது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இணைந்திருந்த பகுதியாகும். இங்கு ஆசிரியரை ஆசான் என்றே அழைப்பர். அடிமுறை, வர்ம அடி என்னும் பெயர்களும் இதற்கு வழங்குகின்றன. குழியின்றித் திறந்த முற்றத்திலும் தோப்பிலும் பயிற்சி நடைபெறும். வடக்கே இறுதியில் வரும் வெறுங்கைப் போர் இங்குத் தொடக்கத்திலேயே வந்துவிடும். சுவடு எனப்படும் அடிவைப்பே முதற்பாடம். கோலும் வாளும் பின்னரே கையில் தரப்படும்.

மறைத்தலும் காத்தலும்

தெக்கன் முறையின் உயிர்நாடி வர்மம். உடலில் உயிராற்றல் தங்கும் இடங்கள் 108 என்பர். அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். வர்மத்தில் படும் அடி ஒருவரை மயங்கி விழச் செய்யும். உயிருக்கே கேடு விளைவிக்கவும் கூடும் என்பது ஆசான்களின் கருத்து. அடிபட்டவரை மீட்கும் முறைக்கு அடங்கல் என்று பெயர். அடிக்கக் கற்றவர் அடங்கலையும் கற்றிருத்தல் வேண்டும் என்பது இம்மரபின் விதி. அதனால்தான் ஆசான்களுள் பலர் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் மருத்துவம் செய்பவர்களாகவும் விளங்கினர்.

வர்ம நூல்கள் பனையோலைச் சுவடிகளில் தமிழ்ச் செய்யுள் வடிவில் உள்ளன. கேரளத்துத் தெக்கன் ஆசான்களும் இத்தமிழ்ச் சுவடிகளைப் போற்றி வந்துள்ளனர். ஆயினும், தமிழ் படிக்கத் தெரிந்த எல்லாரும் இவற்றின் பொருளை உணர்ந்துகொள்ள முடியாது. தகுதியற்றவர் கையில் சிக்காதிருக்க மறைபொருட் சொற்களால் எழுதப்பட்டமையே அதற்குக் காரணம். மாணவரின் பொறுமையையும் சினமடக்கத்தையும் ஆசான் பல ஆண்டுகள் கவனிப்பார். நம்பிக்கை பிறந்த பின்னரே வர்மத்தைச் சொல்லிக்கொடுப்பார். தகுதியான மாணவர் கிடைக்காவிடில் சொல்லாமலே இறந்துபோன ஆசான்களும் உண்டு.

இம்மறைப்பு தீயவர் கையிலிருந்து கலையைக் காத்தது. அதே மறைப்பு, கலையின் ஒரு பகுதி அழியவும் காரணமாயிற்று. ஆசான் மறைந்தபின் வீட்டில் சுவடி இருக்கும். அதனைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

மீட்டெடுத்தோர்

பழசிராசா 1805-இல் வீழ்ந்த காலத்தில் ஆங்கிலேயர் மலபார் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தனர். களரிகள் ஒடுங்கின. சில குடும்பங்களில் மட்டுமே பயிற்சி தொடர்ந்தது. அந்நிலையில் கோட்டக்கல் கணாரன் குருக்கள் தாம் அறிந்த வடக்கன் முறைகளை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார். அவருடைய மாணவருள் சிறந்தவர் சி. வி. நாராயணன் நாயர் (1905–1944). அவர் ஊர்தோறும் சென்று பொதுமக்கள் முன்னிலையில் களரியைச் செய்துகாட்டினார். 39 ஆண்டுகளே வாழ்ந்த அவர் பெயரால் 'சி.வி.என். களரி' என்னும் மரபு தோன்றியது. அம்மரபினர் 1956-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய களரி இன்றும் இயங்குகிறது.

வடகரையில் இராகவன் குருக்கள் 1949-இல் கடத்தநாடன் களரிச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கு ஏழாம் வயதில் பயிற்சிக்கு வந்த மீனாட்சியம்மா, பின்னர் அவரையே மணந்து, அவருக்குப்பின் அக்களரியின் குருக்களாகப் பொறுப்பேற்றார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்று களரிப்பயிற்று கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் இடம்பெறுகிறது. தமிழரின் சிலம்பமும் 2024-இல் தமிழ்நாட்டில் நடைபெற்ற அவ்விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. போட்டி வந்தால் மாணவர் பெருகுவர். ஆனால் மதிப்பெண் பெறும் அடிகளே நிலைத்து, மற்றவை மறக்கப்படலாம் என்று அஞ்சுவோரும் உள்ளனர். ஐகிடோவில் டோமிகி எழுப்பிய அதே வினா இப்போது நம் கலைகளின் முன்னும் நிற்கிறது.

பயிற்சிக்கூடத்தில் சேரும் மாணவர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. இம்முறையின் பெயர் என்ன? எந்த ஊரில் வளர்ந்தது? நம் ஆசானுக்கு ஆசான் யார்? விடைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நன்று. பழைய ஆசான்கள் பலரின் பெயர் நமக்குக் கிடைக்காமற் போனதற்கு, அவ்வாறு ஒருவரும் எழுதி வைக்காமையே காரணமாகும்.

அருஞ்சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம்
படைக்கலம் – ஆயுதம்
அடங்கல் – வர்மத்தால் தாக்குண்டவரை மீட்கும் முறை
மறைபொருள் – வெளிப்படையாகத் தோன்றாத பொருள்
ஒடுங்குதல் – குறைந்து அடங்குதல்

வினாக்கள்

1. வடக்கன் முறைக்கும் தெக்கன் முறைக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினை எழுதுக.
2. அடிக்கக் கற்றவர் அடங்கலையும் கற்க வேண்டும் என்று ஆசான்கள் விதித்தது ஏன்?
3. 'கலையை மறைத்துக் கற்பித்தல் நன்றா, எல்லார்க்கும் வெளிப்படையாகக் கற்பித்தல் நன்றா?' – வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.
4. உம் வீட்டுப் பெரியோரிடம் அவர்தம் ஊரில் இருந்த சிலம்ப ஆசான் அல்லது வர்ம ஆசானைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.