கஜா கொண்டுவந்த மான்களின் ஊருக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் காரைக்கால் கடற்கரையில் மான்கள் செத்து ஒதுங்கின. காரைக்கால் மாவட்டத்தில் மான் திரியும் காடு எதுவும் கிடையாது. ஆனாலும் அவை எங்கிருந்து வந்தன என்று கரையில் யாருக்கும் குழப்பமில்லை. இந்தப் பக்கத்துக் கடலோரத்தில் மான் கூட்டம் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: கோடியக்கரை.

காரைக்காலின் மீனவர் ஊரான பட்டினச்சேரியிலிருந்து அது தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். நவம்பரில் சோழமண்டலக் கரையோரம் நீரோட்டம் பொதுவாக வடக்கிலிருந்து தெற்கே போகும். அப்படியானால் தெற்கே அடித்துச் செல்லப்பட்ட மான் வடக்கே வந்தது எப்படி?

விடை புயலின் சுழற்சியில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உருவாகும் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். கஜாவின் கண் கோடியக்கரைக்குச் சற்று வடக்கே தரையேறியது. கண்ணுக்குத் தெற்கே மாட்டிய கோடியக்கரையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். கண் தரைக்குள் ஏறி மேற்கே நகர்ந்த பிறகோ, கரை நெடுக தெற்கிலிருந்து சோழகம் பிடிக்கும். மிதக்கிற பொருளை நீரோட்டம் மட்டும் இழுப்பதில்லை, மேலே வீசும் காற்றும் தள்ளும். கடல் காட்டுக்குள் ஏறி இறங்கியபோது வாரிக்கொண்டு போன உடல்களை முதலில் வெளியே தள்ளியதும், பிறகு வடக்கே ஏற்றியதும் ஒரே புயல்தான்.

மழை விட்ட ஒரு ஜனவரி விடியலில் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். கூட வந்தவர் பட்டினச்சேரி மீனவர். "செத்த மானத்தான் பாத்திருக்கேன் அண்ணே, உசுரோட இன்னும் பாக்கல" என்றார். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பட்டினச்சேரியை விட்டால் திருமலைராயன்பட்டினம், பிறகு புதுச்சேரி எல்லையான வாஞ்சூர். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று மூன்று புகழ்பெற்ற ஊர்கள் அடுத்தடுத்து வந்து போகின்றன. அவற்றைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தவை பாலங்கள். வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு என்று காவிரியின் கடைசி விரல்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் இந்தச் சாலை தெற்கே போகிறது. ஒவ்வொரு பாலத்திலும் ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் உப்பங்கழி. திருப்பூண்டியைத் தாண்டி வேட்டைக்காரனிருப்பு போகப் போக வயல் குறைகிறது, இறால் குட்டைகள் தென்படுகின்றன. கிழக்கே கடலோரத்தில் புஷ்பவனம். கஜா அன்று கடலுக்கு அடியிலிருந்த சேற்றை வாரி வந்து அந்த ஊரின் கரை மேல் கொட்டிவிட்டுப் போனது.

வேதாரண்யத்துக்குப் பிறகு இரு பக்கமும் வெள்ளை. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான அகஸ்தியன்பள்ளி இங்கேதான் இருக்கிறது. நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு நகர்ந்தால், உப்பளம் முடிந்து கோடியக்காடு தொடங்குகிறது.

சட்டப்படி இந்தக் கோடியக்கரைக் காடு தேசியப் பூங்கா அல்ல, சரணாலயம். வெளிமான்களுக்காக 1967இல் அறிவிக்கப்பட்டது. அப்போதைய பரப்பு 17 சதுர கிலோமீட்டரும் சொச்சமும். பெரிய வேதாரண்யம் சதுப்பையும் தலைஞாயிறு காட்டையும் சேர்த்து, 38,500 ஹெக்டேர் 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. புலி, யானை கிடையாது. மலை என்று பார்த்தால் ராமர் பாதம் என்கிற மணல்மேடு ஒன்றுதான், அதுவும் சுமார் 4 மீட்டர் உயரம். 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டுப் புதைகுழியும் கொள்ளிவாய்ப் பிசாசும் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். காட்டின் உண்மையான அதிசயம் காலுக்குக் கீழே இருக்கிறது.

கிழக்கிலும் தெற்கிலும் கடல், வடமேற்கில் உப்புச் சதுப்பு. நடுவிலுள்ள மணலில் பாலை மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன, மானும் நரியும் பன்றியும் வாழ்கின்றன. இத்தனைக்கும் குடிநீர் எது? மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. கடல்நீரைவிட நன்னீர் நாற்பதில் ஒரு பங்கு எடை குறைவு. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் நிற்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. இவ்வளவு குறுகலான நிலத்தில் அந்த அளவு சேராது. ஆனால் கணக்கின் மறுபக்கம் இங்கேயும் மிரட்டும்: மேலே கொஞ்சம் நீர் குறைந்தாலே கீழே உப்பு பல மடங்கு மேலேறி வரும்.

இதை நான் விளக்க முயன்றபோது மீனவர் சிரித்தார். "எங்க கரையில ஊத்து தோண்டுனா நல்ல தண்ணி வரும். ஆச வச்சு ஆழமாத் தோண்டுனா உப்பு." இதைவிடச் சுருக்கமாக அந்த விதியை நான் எங்கும் கேட்டதில்லை. கடல் ஒரு முறை காட்டுக்குள் புகுந்துவிட்டால், அந்த உப்பைக் கழுவி இறக்க அடுத்தடுத்த மழைகள் வேண்டும். புயலில் மூழ்காமல் தப்பிய விலங்குக்குப் புயலுக்குப் பின் தாகம் காத்திருக்கும். வனத்துறை குட்டை வெட்டி, தொட்டி கட்டி நீர் வைப்பது இதனால்தான்.

புல்வெளிக்கு வந்தோம். பழுப்பு நிற வெளிமான் பெட்டைகளும் குட்டிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. சற்று தள்ளி ஒரு கலைமான், முதுகு கறுப்பும் வயிறு வெள்ளையுமாக, தலையை நிமிர்த்தி நின்றது. மீனவர் வெகுநேரம் பேசவில்லை.

வெளிமான் பெயரில் மான் என்றாலும், விலங்கியல் கணக்கில் அது ஆடு மாடுகளின் குடும்பம். புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் திருகுக் கொம்பு விழுவதே இல்லை. ஒளிந்து பிழைக்கிற விலங்கும் அல்ல அது. தூரத்திலேயே எதிரியைக் கண்டு, ஓடித் தப்பிப்பதுதான் அதன் வழி. இந்தியாவில் அதைவிட வேகமாக ஓடும் விலங்கைக் காண்பது அரிது. ஓட இடம் வேண்டும், பார்க்க வெட்டவெளி வேண்டும். மரம் வளர்ந்தால் காட்டுக்கு நல்லது என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது இந்த விலங்குக்குப் பொருந்தாது.

அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. விறகுக்கென்று தமிழ்நாடெங்கும் பரப்பப்பட்ட மரம், உப்பு நிலத்திலும் தழைக்கும். அதைப் பரப்புவதில் வெளிமானுக்கும் பங்குண்டு என்பதுதான் வேதனை. கோடையில் புல் காய்ந்தால் இனிப்பான கருவேலங்காயை அது விரும்பித் தின்கிறது. விதைகள் செரிக்காமல் சாணத்தில் வெளியேறுகின்றன. ஆண் மான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். பெட்டைகளைக் கவர அது தேர்ந்தெடுக்கிற இடமோ நல்ல வெட்டவெளி. குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் இதை ஆராய்ந்தவர்கள், ஆண் மான்கள் ஜோடி தேடும் திடல்களிலேயே கருவேல விதை குவிவதைக் கண்டார்கள். எந்த இடம் திறந்தவெளியாக இருக்கவேண்டுமோ, அங்கேயே முள்மரத்துக்கு விதைப்பு நடக்கிறது. புயலில் பெருமரங்கள் சாய்ந்து வெளிச்சம் விழும் இடங்களும் கருவேலத்துக்கு வாய்ப்புத்தான்.

கோடியக்கரையிலும் அறிஞர்கள் இதைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலிலுள்ள ஏ.வி.சி. கல்லூரியின் ஆய்வாளர்கள், கருவேலம் அடர்ந்த இடங்கள் வெளிமானுக்கு என்ன செய்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்க வனத்துறையும் முயல்கிறது. பிடுங்கிய இடத்தில் புல் வரும்வரை காவல் இருக்காவிட்டால் அந்தச் செலவு வீண் என்பது என் எண்ணம். போதாக்குறைக்குக் காட்டில் மட்டக்குதிரைகள் வேறு, யாரோ எப்போதோ விட்டவற்றின் சந்ததி. பார்க்க அழகு, பயணிகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மான் மேயும் அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதில் எளிதான பதில் இல்லை.

பறவைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். உப்பளச் சதுப்பில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்து நீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. சின்னஞ்சிறு கொசு உள்ளான்கள் சைபீரியாவின் வடகோடியிலிருந்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சாலிம் அலி வழிகாட்டிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுகிறது. மீனவர்களுக்கு ஒரு செய்தி: வளையம் போட்ட பறவை வலையில் சிக்கினாலோ செத்து ஒதுங்கினாலோ அந்த எண்ணை வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஓர் எண்ணிலிருந்து ஒரு பறவையின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை தெரியவரும்.

நீங்களும் போகலாம். மழை விட்ட பிறகு, ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. முதலில் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். விடியலிலோ மாலையிலோ மட்டும் காட்டுக்குள் செல்லுங்கள். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள், மானை வண்டியில் துரத்திப் படம் எடுக்காதீர்கள். கோடியக்காட்டைத் தொட்டதும் வேகத்தைக் குறையுங்கள். அந்தச் சாலையைக் கடக்கிற மானுக்கு ஹார்ன் சத்தம் புரியாது.