விமானம் யார் சொல்லிப் பறக்கிறது?



‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல்லை மேனேஜ்மென்ட் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். பலர் அதை ‘ஷேர்ஹோல்டர்’ என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. ஷேர்ஹோல்டர் பணம் போட்டுப் பங்கு வாங்கியவர். ஸ்டேக்ஹோல்டர் என்றால் ஒரு நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுபவர், அல்லது அந்தச் செயலைப் பாதிக்கக்கூடியவர் யாராக இருந்தாலும் சரி. அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்டு ஃப்ரீமேன் 1984-ல் எழுதிய நூலில் இப்படித்தான் விளக்கினார். தமிழில் ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்று வைத்துக்கொள்வோம்.

இதன் முழு அர்த்தம், விடுமுறையில் ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணிப் பிரிவில் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். ஆபீஸ் என்றால் என் அப்பாவுக்குத் தெரிந்தது வாசலில் காத்து நிற்பது மட்டும்தான். உள்ளே யாரிடம் என்ன கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பதவி வேறு, செல்வாக்கு வேறு

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்பு விவசாயியை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலையின் பெரிய அதிகாரியை அவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு வயலுக்கு வந்து பதிவு செய்கிற ஆலைப் பணியாளரைத்தான் தேடிப் போவார். ஆர்டர் தள்ளிப்போனால் கரும்பு காயும், எடை குறையும். ஆக, கையெழுத்துப் போடுபவர் ஒருவர், தகவல் வைத்திருப்பவர் இன்னொருவர், நஷ்டம் வந்தால் தாங்குபவர் மூன்றாமவர்.

விமான நிலையத்திலும் இதே மூன்று பேரைத் தேடினேன். கிடைத்தார்கள்.

அரை மணி நேரத்தில் எத்தனை முதலாளி!

சுமார் எழுபது பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானம் வந்து நின்றால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மறுபடி கிளம்பியாக வேண்டும். அதற்குள் ஆள் இறங்கி, சாமான் இறங்கி, துப்புரவு முடிந்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏற்ற வேண்டும். எரிபொருள் நிரப்புபவர் எண்ணெய் நிறுவனத்து ஆள். சாமான் ஏற்றுபவர் காண்ட்ராக்ட் ஆள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் இந்திய விமான நிலைய ஆணையத்து அதிகாரி. பறப்பதற்கான பாதுகாப்பு விதிகளை வகுப்பது டி.ஜி.சி.ஏ. இவர்களில் பெரும்பாலோருக்கு விமான நிறுவனத்தின் ஸ்டேஷன் மேனேஜர் உத்தரவே போட முடியாது! முன்கூட்டியே தகவல் சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் வேலை வாங்க முடியும்.

புறப்படும் முன் எடை, சமநிலை கணக்கிட்ட ‘லோடு ஷீட்’டில் கேப்டன் கையெழுத்திடுவார். முன் அறையில் எத்தனை பெட்டி, பின் அறையில் எத்தனை பெட்டி என்ற கணக்கும் அதில் சேரும். எண்ணிக்கை மாறினால் தாளும் மாற வேண்டும். ஒரு லோடர் அண்ணன் என்னிடம் சொன்னார்: “தம்பி, அவரு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் எண்ணுனது சரியா இருக்கணும்ல?” சம்பளப் பட்டியலில் கீழே இருப்பவர்தான். ஆனால் தகவல் அவர் கையில்.

நஷ்டம் தாங்குபவர் பயணி. தாமதமானால் காத்திருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. விதி இருக்கிறது. குரல் இல்லாதவருக்கு விதி குரல் கொடுக்கிறது பாருங்கள்!

சேலம் சொல்லும் கதை

விமானத்தை விட்டு வெளியே வந்தால் வட்டம் இன்னும் பெரிது. நமக்குப் பக்கத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தைப் பாருங்கள். 2009-ல் கிங்பிஷர் வந்தது, 2011-ல் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. உடான் என்பது 2016-ல் மத்திய அரசு அறிவித்த திட்டம். சில இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. அதனால் நிறுவனத்துக்கு வரும் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டு உதவித்தொகை. மாநில அரசு அதில் ஒரு பங்கு தருவதோடு, எரிபொருள் வரியையும் குறைக்க வேண்டும். இத்தனை கையெழுத்தும் சேர்ந்தால்தான் ஒரு விமானம் வரும்!

இதே நிலையத்தை விரிவாக்கச் சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்கத் திட்டம் வந்தபோது, 2018-ல் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்களில் எத்தனை பேர் விமானம் ஏறியிருப்பார்கள்? ஆனாலும் அவர்களும் ஸ்டேக்ஹோல்டர்தான். 1997-ல் மூன்று ஆய்வாளர்கள் சம்பந்தப்பட்டவர்களை எடைபோட மூன்று அளவுகோல் சொன்னார்கள்: அதிகாரம், நியாயம், அவசரம். அந்த விவசாயிகளிடம் நியாயம் இருந்தது, அவசரம் இருந்தது. அதிகாரம் இல்லாததால்தான் ஒன்றுசேர்ந்தார்கள்.

எங்கள் கல்வராயன் மலையில் 1976-ல் அரசு பொறுப்பேற்கும் வரை ஜாகிர்தார்கள் ஆதிக்கம். கையெழுத்தும் கணக்கும் அவர்கள் பக்கம், நஷ்டம் மலைமக்கள் பக்கம். இந்த மூன்றும் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்வதும் படிப்புதான் என்று தோன்றுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

பயிற்சிக்குப் போகும் தோழர்களே, முதல் நாளே நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். கையெழுத்து யாருடையது? தகவல் யாரிடம்? நஷ்டம் யாருக்கு? முதல் பத்தியில் உள்ளவரிடம் மரியாதையும் சுருக்கமான பேச்சும் போதும். இரண்டாம் பத்தியில் உள்ளவரிடம் “அண்ணே, இதை எப்படிச் செய்யிறீங்க?” என்று கேளுங்கள். வேலையை அவர்தான் கற்றுத்தருவார். மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நாளை நம்மில் ஒருவர் கையெழுத்துப் போடும் நாற்காலியில் உட்காருவார். அன்றைக்கு அந்த மூன்றாம் பத்தியை முதலில் படிக்கட்டும்!