இழை அறுந்தால் தறி நிற்கட்டும்

வீண் வேலையைக் குறைக்கும் முறைக்கு ஜப்பானிய மோட்டார்த் தொழிற்சாலையைப் பலரும் உதாரணம் காட்டுவர். அதன் மூலம் தறியே என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நன்று. 1924-இல் சாகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறி, பாவில் ஓரிழை அறுந்தாலும் தானே நின்றுவிடும்; பழுதான துணி வளராது. அவர் மகன் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலையும் பின்னர் இக்கொள்கையையே மேற்கொண்டது: கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம்.

2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய அனகாபுத்தூரில், வாழைநாரையும் நெய்யும் கைத்தறியாளர் உளர். கைத்தறியை நிறுத்துவது நெசவாளர் கையே. ஆனால் நெய்த அளவுக்குக் கூலி பெறுபவருக்கு, நிறுத்திய நேரம் நஷ்டம்; ஆகவே அறுந்த இழையைக் கண்டும் காணாமல் மிதிப்பார். அவரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. இழை பிணைக்கும் நேரத்துக்கும் சங்கம் கூலி கணக்கிட்டாலன்றி இம்மாறுதல் நிலைக்காது என்பது எமது கருத்து. முதலில் இரண்டு தறிகளில் ஒரு மாதம் நடத்திப் பார்த்து, அந்நெசவாளர்களையே பொதுக்கூட்டத்தில் பேசச் செய்யலாம்.