காந்தம் திருப்பும் ஒளி

சர்க்கரைக் கரைசலைப் போலாரிமானியில் வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தோம். “ஒளியை ஆடியில் பட்டுத் திரும்பி இதே கரைசல் வழியே வரச் செய்தால் மொத்தச் சுழற்சி எவ்வளவு?” என்று ஆசிரியர் கேட்டார். “இரு மடங்கு சார்” என்றேன், சற்றுப் பெருமையாகவே. தவறு. போகும்போது சுழற்றியதைத் திரும்பும்போது சர்க்கரை அவிழ்த்துவிடும், விடை பூச்சியம்.

ஆனால் என் விடைக்கு ஏற்ற பொருளும் உண்டென்று நூலகத்தில் கண்டேன். 1820களின் பிற்பகுதியில் ஒளியியல் கருவிகளுக்காக மைக்கேல் ஃபாரடே ஈயம் கலந்த கனத்த கண்ணாடியை உருவாக்கினார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 1845 செப்டம்பர் 13 அன்று, லண்டனில், அக்கண்ணாடித் துண்டைக் காந்தப்புலத்தில் வைத்துப் புலத்தின் திசையிலேயே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தினார். ஒளியின் அதிர்வுத்தளம் சுழன்றது!

ஏன்? அவ்வொளியை, வலமாகவும் இடமாகவும் சுழலும் இரு அலைகளின் கூட்டாகக் கருதலாம். காந்தப்புலத்திலுள்ள பொருளில் இரண்டின் வேகமும் சற்றே வேறுபடுகின்றன. ஒன்று பின்தங்க, தளம் திரும்புகிறது. எப்பக்கம் திரும்புவது என்பதைப் புலத்தின் திசையே முடிவு செய்கிறது. ஒளி செல்லும் திசை அன்று. எனவே ஒளி திரும்பி வந்தாலும் சுழற்சி அவிழாமல் இரட்டிக்கிறது.

லேசர்க் கருவிகளில் இது காவலாளி வேலை பார்க்கிறது. போகும் ஒளி 45 பாகை சுழலும். எதிரொளித்து வருவது மேலும் 45 பாகை சுழன்று, 90 பாகையில் முதல் தளவிளைவாக்கியில் தடைபடும். லேசருக்குத் தொல்லை இல்லை.

இதை ஆசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டவர், “சரி, அந்தச் சர்க்கரைக் கரைசலையே காந்தத்துக்குள் வைத்தால்?” என்றார்.