யார் சொல்லைக் கேட்டுப் பூசுகிறோம்?

களியக்காவிளையில் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், இஞ்சிவிளை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். மற்றபடி பெரிதாக எதுவும் மாறாது. பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று வரிசையாக வரும் ஊர்களிலும், உள்ளே தள்ளியிருக்கும் வெள்ளறடை, தனுவச்சபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் பல. 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை பிரிந்தபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இரு பக்கமும்தான்.

பெண் எடுப்பது என்று பேச்சு வந்தால் கூடவே நிறப் பேச்சும் வந்துவிடுகிறது. "பொண்ணு தங்கமான பொண்ணுதான் மைனி, நெறந்தான் கொஞ்சம் கம்மி" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். சொன்னவர் மறந்துவிடுவார். அடுத்த அறையில் இருந்து கேட்ட பெண் மறப்பதில்லை. அன்று இரவே கைபேசியை எடுத்துத் தேடுகிறாள். தேடினால் கிடைக்காதது எது? தமிழிலும் மலையாளத்திலும் அவளை "செல்லம்" என்றும் "மோளே" என்றும் அழைத்து, "நானே பூசிப் பார்த்தேன், ஏழே நாளில் பாருங்கள்" என்று சொல்ல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள்.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். அழகுக் குறிப்பு நமக்குப் புதிதா? கஸ்தூரி மஞ்சள், பயற்றம் மாவு, தயிர், எலுமிச்சைச் சாறு என்று நம் பெண்கள் பத்திரிகைகள் எத்தனை ஆண்டுகளாக எழுதிவந்தன! அவற்றில் பாதி பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். பலிக்காவிட்டால் நஷ்டம் ஒரு கரண்டி மாவு, அவ்வளவே. மேலும் அந்தக் குறிப்பை எழுதியவருக்கு மேலே ஓர் ஆசிரியர் இருந்தார். தவறாக எழுதினால் அடுத்த வாரம் வாசகர் கடிதம் வரும். விளம்பரம் ஒரு பக்கத்திலும் குறிப்பு இன்னொரு பக்கத்திலும் இருக்கும். சில சமயம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் நடுவே ஒரு கோடு இருந்தது. இன்றைய ஒரு நிமிடப் படத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போட்டுத் தேடினாலும் தெரிவதில்லை.

நஷ்டம் ஒரு கரண்டி மாவோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போன கதை கேரளத்திலேயே நடந்தது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்களிடம் 2021 முதல் 2023 வரை ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, பரிசோதித்தால் புரதம் ஏராளமாக வெளியேறுகிறது. மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்று பெயருள்ள இந்த நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்துப் பழுதடைகிறது. மருத்துவர்கள் கணக்கெடுத்த 22 பேரில் 15 பேருக்கு, சாதாரணமாக அபூர்வமாகக் காணப்படும் 'நெல்-1' என்ற வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர், தாங்கள் முகம் வெளுக்கும் களிம்பு பூசிவந்ததை ஒப்புக்கொண்டார்கள். தொடக்கத்தில் வந்தவர்களில் 14 வயதுச் சிறுமியும் ஒருத்தி. விசாரித்தபோது அவள் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அதே நோய், அதே களிம்பு! இந்த ஆய்வு பின்னர் 'கிட்னி இன்டர்நேஷனல்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. 2022-இல் சென்னை மருத்துவர்களும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் இதே வகை நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதியிருந்தார்கள். ஆகவே சந்தேகம் உடனே பாதரசத்தின் மீது போயிற்று.

பாதரசம் ஏன் களிம்புக்குள் வருகிறது? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடும். எனவே சில நாட்களிலேயே முகம் வெளுக்கிறது. 'ஏழே நாள்' என்று படத்தில் காட்டுவது பல சமயம் பொய்யே அல்ல, அதுதான் இதில் உள்ள ஆபத்து. பூசியதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்புகிறது, சிலருக்கு முன்னைவிடக் கறுக்கிறது. பயந்துபோய் மறுபடி பூசுகிறார்கள். தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது. நல்ல வேளையாகக் கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோர் களிம்பை நிறுத்திய பின் தேறினார்கள்.

மகாராஷ்டிரத்தின் அகோலாவிலும் இப்படித்தான். ஒரே வீட்டில் தாய், இரண்டு மகள்கள், மூவருக்கும் சிறுநீரகக் கோளாறு. களிம்பை வாங்கிய இடம் உள்ளூர் அழகுநிலையம். விளம்பரப் பலகையை நம்பி வாங்கியது அல்ல, தெரிந்த மனுஷி சொல்லி வாங்கியது. கைபேசியில் வரும் பெண்ணும் தன்னைத் தெரிந்த மனுஷி மாதிரியே ஆக்கிக்கொள்கிறாள். அவள் வீட்டு அடுக்களை நமக்குத் தெரியும், குழந்தையின் பெயர் தெரியும், மாமியாரோடு போட்ட சண்டையும் தெரியும். நம் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்கு இடும் பொருள்கள் தவிர மற்றவற்றில், தயாரிப்பின்போது தவிர்க்க முடியாமல் சேர்ந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வேண்டுமென்று சேர்க்கவே கூடாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. சில உதட்டுச் சாயங்களிலும் முகக் களிம்புகளிலும் அனுமதித்த அளவைப்போல 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு கிராம் களிம்பில் ஒரு கிராமுக்கும் மேலே! அந்தக் காலத்துக் காய்ச்சல் மானி உடைந்து உருண்டால், "தொடாதே, விஷம்!" என்று நம் தாய்மார்கள் கையைத் தட்டிவிட்டது நினைவிருக்கும்.

எல்லைக்காரர்களான நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. சோதனை நடத்துவது கேரளத் துறை. அதன் அதிகாரம் இஞ்சிவிளையில் முடிந்துவிடும். அந்தப் பக்கம் தமிழ்நாட்டுத் துறை, தனி அலுவலகம், தனி நடவடிக்கை. நம் பெண்களோ கல்யாணச் சாமான் வாங்க அந்தப் பக்கமும் போவார்கள், இந்தப் பக்கமும் போவார்கள். போதாக்குறைக்கு, மருந்து விற்க உரிமம் வேண்டும், ஆனால் அழகுசாதனப் பொருள் விற்கக் கடைக்காரருக்கு மருந்துத் துறை உரிமம் எதுவும் தேவையில்லை. வளையல் கடையிலும் விற்கலாம், பார்சலிலும் அனுப்பலாம். வளைகுடாவிலிருந்து வரும் மச்சான் பெட்டியிலும் இரண்டு டப்பா இருக்கும். கைபேசிப் படத்துக்கோ எல்லைச் சோதனைச் சாவடியே கிடையாது.

அப்படியானால் பொருளைப் புகழ்ந்தவருக்குப் பொறுப்பே இல்லையா? இந்தக் கேள்வி கேரளத்தில்தான் வேடிக்கையாகவும் வினையாகவும் எழுந்தது. இந்துலேகா சோப்பு விளம்பரத்தில் நடிகர் மம்மூட்டி தோன்றி அழகு தேடி வரும் என்றார். வயநாட்டைச் சேர்ந்த ஒருவர், நான் தேய்த்தேன், வரவில்லை என்று 2015-இல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ஊரே சிரித்தது. மறு ஆண்டு நிறுவனம் 30,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அடுத்தது திருச்சூர். தாத்ரி நிறுவனத்தின் கூந்தல் கிரீமைப் பூசியும் முடி வளரவில்லை என்று ஒருவர் தொடுத்த வழக்கில், 2020 இறுதியில் நிறுவனத்துக்கு 10,000 ரூபாயும், விளம்பரத்தில் நடித்த அனூப் மேனனுக்கு 10,000 ரூபாயும் நுகர்வோர் மன்றம் விதித்தது. விசாரணையில் நடிகர் சொன்ன பதில்தான் சுவையானது. தாம் தலைக்குத் தேய்ப்பது அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயாம்!

தொகை சிறியதுதான். என்றாலும், தான் பயன்படுத்தாததைப் பயன்படுத்தியதுபோல் சொல்லக் கூடாது என்ற நியாயம் சட்டத்தில் ஏறிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். சமூக ஊடகப் பிரபலங்கள் காசு வாங்கிச் சொன்னால் 'விளம்பரம்' என்று முகப்பிலேயே போட வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனிலும், இன்னும் விரிவாக மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறை வகுத்தன. ரொக்கம் மட்டுமல்ல, இலவசப் பொருள், ஓட்டல் அறை, தள்ளுபடி, பரிசு எல்லாமே இதில் அடங்கும். கவுன்சிலின் நெறிமுறை இந்த அறிவிப்பை ஆங்கிலத்திலும் போடலாம் என்று விட்டிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேச்செல்லாம் கொஞ்சு தமிழில், 'இது காசு வாங்கிய பேச்சு' என்ற ஒரு சொல் மட்டும் மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் என்றால், நம் வீட்டு அத்தைமார்களுக்கு அது எப்படித் தெரியும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறை சொல்பவருக்கும் பாடு உண்டு. பாரசூட் தேங்காய் எண்ணெயின் தூய்மையைக் கேள்வி கேட்டு ஒருவர் 2018-இல் யூடியூபில் படம் போட்டார். மாரிக்கோ நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. படத்தை நீக்கச் சொன்ன மும்பை உயர் நீதிமன்றம், பெரும் கூட்டம் பின்தொடரும் ஒருவர் சாதாரண மனிதரைப்போல் பேசிவிட முடியாது, அவருக்குப் பொறுப்பு அதிகம் என்று 2020 ஜனவரியில் கூறியது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவின் கடுமை தளர்ந்தது. புகழ்ந்தால் பெட்டி நிறைய சாமான் வருகிறது, குறை சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. அப்படியிருக்க, கண்ணில் படும் பத்துப் படங்களில் ஒன்பது ஏன் புகழ்ச்சியாகவே இருக்கின்றன என்று ஆச்சரியப்படத் தேவையில்லை.

வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். கோத்தகிரிப் பெண்ணான சாய் பல்லவியை 'பிரேமம்' படத்தின் மலராக இரு மொழிக்காரர்களும் அறிவோம். முகப்பருவை மறைக்காமலே நடித்தவர். முகம் வெளுக்கும் களிம்பு விளம்பரம் ஒன்று வந்தபோது மறுத்துவிட்டதாக 2019-இல் சொன்னார். தொகை 2 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின.

இன்று கோபம் முழுவதும் அந்தப் பெண்கள் மேல் திரும்புகிறது. படத்தின் கீழே வசைகள் குவிகின்றன. அவர்களிலும் பலர் நம் ஊர்ப் பெண்களைப் போன்றவர்கள்தாம். வேலை கிடைக்காமல், வீட்டு மூலையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு நாலு காசு பார்க்க நினைத்தவர்கள். காசு வாங்கியதை மறைத்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிற சாக்கில் அவள் மூக்கையும் நிறத்தையும் இழுப்பவன், அந்தக் களிம்பு வியாபாரிக்கே கூலியில்லாமல் வேலை செய்கிறான். கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரனையே நிறம் சொல்லி ஒருவர் ஒப்பிட்டார். அவர் 2025 மார்ச்சில் அதை முகநூலில் வெளிப்படையாக எழுதினார். நாலு வயதில் தன் தாயிடம், என்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றெடுக்க முடியுமா என்று கேட்டதையும் எழுதினார். மாநிலத்தின் முதல் அதிகாரிக்கே இந்த நிலை என்றால் தனுவச்சபுரத்தில் பி.ஏ. படிக்கும் பெண்ணின் கதி என்ன? 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. (அதில் பாதரசம் என்று நான் சொல்லவில்லை. பெயரைத்தான் சொல்கிறேன்.) பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

சங்க மலர்களும் இதில் முழுக்க ஒதுங்கி நின்றுவிட முடியாது. நகைக்கடை, பட்டுக்கடை விளம்பரம் இல்லாமல் எந்த ஆண்டு மலர் வெளிவந்திருக்கிறது? விளம்பரம் விளம்பரமாகவே தெரியும்படி இருந்தால் போதும்.

வீட்டில் யாரிடமாவது இத்தகைய டப்பா இருந்தால் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, சேர்மானப் பட்டியல், தொகுதி எண், காலாவதி நாள், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரரிடம் பில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். மாதக்கணக்கில் பூசிவந்தவர்கள், காலில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ கண்டால், எந்தச் சிறு பரிசோதனை நிலையத்திலும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை. மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்று அவர் கேட்டால் பெண் பிள்ளைகள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். முகத்துக்குப் பூசுவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.