ரோலர் கோஸ்டர் ஏறப் போகிறீர்களா?

தாம்பரத்துக்காரர்களுக்கு கேளிக்கைப் பூங்கா ஒன்றும் புதிதல்ல. 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், 1995-ல் நம் ஊர் தர்காஸ் பக்கத்தில் 'கிஷ்கிந்தா'வைத் திறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு உறவினர் குடும்பமாவது அதைச் சாக்கு வைத்து எங்கள் வீட்டில் வந்து இறங்கும்! இப்போது, 2025 டிசம்பரில், திருப்போரூர் அருகே இள்ளலூரில் 'வொண்டர்லா' வந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் நாங்களும் ஏழு பேர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிளம்பினோம்.

ஏழு பேர் என்றால் ஏழு விதமான உடம்பு. அத்தைக்கு ரத்தக் கொதிப்பு. என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தொப்பை, மற்றபடி திடகாத்திரம். பெண் பிளஸ் டூ, பையனுக்குப் பத்து வயது. கொழுந்தனும், கல்யாணமாகி எட்டு மாதமே ஆன அவர் மனைவியும். அப்புறம் நான். இத்தனை பேரையும் ஒரே ராட்டினத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆண்களின் ஆசை. அங்கேதான் வீட்டுப் பெண்மணி கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும்.

அங்கே பெரிய ஈர்ப்பு 'தஞ்சோரா' என்கிற ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்து கம்பெனி செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே. நாம் அதன் கீழே காலைத் தொங்கப் போட்டபடி போக வேண்டும். வாசலில் உயரம் அளக்கிறார்கள். பையன் கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவு. முகம் சுண்டிப் போய்விட்டது. "ஷூவுக்குள்ள கைக்குட்டையை மடிச்சு வைடா, யாருக்குத் தெரியப் போகுது!" என்றார் கொழுந்தன்.

"வேண்டாம் தம்பி" என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உயரக் கோடு என்பது தைரியத்தை அளக்கிற கோடு அல்ல. தோளையும் தொடையையும் பிடித்து நிறுத்துகிற தடுப்பு, ஓர் அளவு உடம்புக்கென்று செய்யப்பட்டது. சின்ன உடம்பு அதிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடலாம். கைக்குட்டை பாதத்தைத்தான் உயர்த்தும், தோளை அகலமாக்காது! "அடுத்த வருஷம் நீயே வளர்ந்துடுவே கண்ணா" என்று சமாதானம் சொல்லி, சின்னவர்களுக்கான ராட்டினங்களுக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிஷத்தில் அழுகை போன இடம் தெரியவில்லை.

அடுத்து என் ஓரகத்தி. "எனக்கு வேணாங்க" என்று மெல்லிய குரலில் சொன்னாள். கொழுந்தன் விடுவதாக இல்லை. "பயந்தாங்கொள்ளி! உனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன்." காலையில் அவள் காபியை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்ததை நான் கவனித்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "அத்தையையும் பையனையும் நான் ஒருத்தியா எப்படி தம்பி பார்த்துக்கறது? அவ எனக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்றேன். "அண்ணி சொன்னா சரி" என்று போய்விட்டார். அவள் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள். அடுத்த வாரம் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

புதிதாகக் கல்யாணமான பெண்களே, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலே இந்த மாதிரி ராட்டினங்களில் ஏற வேண்டாம். திடீர்க் குலுக்கலும் தடுப்பின் அழுத்தமும் கர்ப்பிணிக்கு ஆகாது. நச்சுக்கொடி பிரிந்துவிடுகிற ஆபத்து உண்டு. காரணம் சொல்லக் கூச்சமா? "தலை சுத்தும்" என்று சொன்னால் போதும்!

இதய நோய், ரத்தக் கொதிப்பு, கழுத்து, முதுகு எலும்புத் தொல்லை உள்ளவர்களும், சமீபத்தில் சிசேரியனோ வேறு ஆபரேஷனோ ஆனவர்களும் கீழேயே இருந்துவிடுங்கள். வண்டி வளைந்து சுழலும்போது சில விநாடிகள் நம் உடம்பே மூன்று, நான்கு மடங்கு எடையாகக் கனக்கும். அதை அத்தையின் இதயம் ஏன் சுமக்க வேண்டும்?

அப்படியானால் நான் ஏறவே இல்லையா என்று கேட்கிறீர்களா? ஏறினேனே! மத்தியானம் பைகளை எல்லாம் என் வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு, பெண்ணோடு போனேன். வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போவதுதான் இயந்திரத்தின் வேலை. அதற்கப்புறம் இறங்குகிற வேகத்திலேயே ஓடுகிறது. நம் வீட்டுச் சம்பளம் மாதிரிதான்! முதல் தேதி உச்சியில் இருக்கும். உராய்விலும் காற்றிலும் கரைந்து கரைந்து, அடுத்தடுத்த மேடுகள் தாழ்ந்துகொண்டே போகும். சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலும் கீழும் பக்கத்திலும் பிடித்திருப்பதால், தலைகீழானாலும் வண்டி கழன்றுவிடாது. இதையெல்லாம் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் இறக்கத்தில் இரண்டு பேருமே கத்தினோம். இறங்கியதும் இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி, பிறகு ஒரு மணி நேர இடைவெளி.

பின்னலைக் கொண்டை போட்டுக் கட்டுங்கள். துப்பட்டாவைப் பையில் வையுங்கள். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுப் பின் குத்துங்கள். முக்கியமாக, சின்ன கார் ஓட்டும் 'கோ-கார்ட்' விளையாட்டில் இதை மறக்கவே கூடாது. 2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு பெண்ணின் தலைமுடி கோ-கார்ட் சக்கரத்தில் சிக்கி உயிரே போயிற்று.

"சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவோம்" என்று ஊழியர் காக்க வைத்தால் சண்டை பிடிக்காதீர்கள். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தின்போது நடந்த விபத்தில், ஊழியர் ஒருவர் இறந்தார். நமக்காகத்தான் அவர்கள் முதலில் ஏறிப் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட, வீட்டை விட்டுப் புறப்படுமுன் குடும்பத்தில் ஒரு பேச்சு பேசிக்கொள்ளுங்கள்: யாராவது "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்பதில்லை, கேலி செய்வதில்லை. டிக்கெட் காசு போனால் போகட்டும், அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம்.